டால் கழகத்திலிருந்து மரக்காணத்துக்கு எவ்வளவு தூரம்?

2022 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. 186 நாடுகள் பங்கேற்றன. பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள். ரஷ்யாவில் நடக்கவிருந்த போட்டி உக்ரைன் போரால் அங்கிருந்து விலக்கப்பட்டபோது, தமிழக அரசு தொண்ணூறு கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிச் சில மாதங்களுக்குள் ஏற்பாடுகளை முடித்தது. சென்னையின் நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாயிற்று. போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ ஊர் ஊராகச் சுவரொட்டிகளில் நின்றது. போட்டி நடந்த இடத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் போனால் மரக்காணம். சுமார் 3,000 ஏக்கர் உப்பளம், கழுவெளி ஏரி, மீனவக் குப்பங்கள், ஒரு பேரூராட்சி. ரயில் நிலையம் இல்லை. ரயிலேற வேண்டுமானால் திண்டிவனம் போகவேண்டும். உலகச் சதுரங்கத்தின் மிகப் பெரிய திருவிழா இந்தக் கடற்கரைக்கு வந்து போனது. இதே கடற்கரையில் பிறக்கும் ஒரு பிள்ளை சதுரங்க ஆட்டக்காரராக ஆவதற்கான தூரம் அதனால் குறைந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடை தேட, ஒலிம்பியாடுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் தொடங்கப்பட்ட ஒரு சிறிய கழகத்தின் வரலாற்றுக்குப் போகவேண்டியிருக்கிறது.

தமிழகம் ஏன் இத்தனை கிராண்ட்மாஸ்டர்களைத் தந்தது என்று கேட்டால் இரண்டு விடைகள் உடனே வரும். சதுரங்கம் நம் மண்ணின் பழைய ஆட்டம் என்பது ஒன்று. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு நன்றாக வரும் என்பது மற்றொன்று. முதல் விடைக்குச் சான்றாக நீடாமங்கலம் அருகேயுள்ள திருப்பூவனூர்க் கோயிலைக் காட்டுவார்கள். அங்கே இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பிரதமரும் அக்கோயிலைக் குறிப்பிட்டார். அந்தப் பழமை பெருமைக்குரியது. ஆனால் அதைக் காரணமாகக் கொள்ள முடியாது. நம் முன்னோர் ஆடிய ஆட்டத்தின் விதிகளே வேறு: சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் பாயாது, ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போல் தாவலாம். பஞ்சாபிலிருந்து இங்கிலாந்து போன மீர் சுல்தான் கான் புதிய விதிகளைப் பழகிக்கொண்ட பிறகே 1929, 1932, 1933 ஆண்டுகளில் பிரிட்டன் சாம்பியனானார். பழமைதான் விதை என்றால் ஆயிரம் ஆண்டுகளில் எப்போது வேண்டுமானாலும் முளைத்திருக்கலாம். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் வந்தது 1988-இல். இன்று நாட்டின் எண்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தமிழ்நாட்டவர். இவ்வளவும் ஒரு தலைமுறைக்குச் சற்று அதிகமான காலத்துக்குள் நடந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் மூளை மாறிவிடாது. ஏற்பாடுகள் மாறியிருக்க வேண்டும்.

ஏற்பாடு இல்லாத காலத்தில் திறமை என்ன ஆகும் என்பதற்கு மானுவல் ஆரோனைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1935-இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த அவர் 1959-க்கும் 1981-க்கும் இடையே ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். அர்ஜுனா விருது பெற்ற முதல் செஸ் வீரர். 1960 லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவேயை வென்றவர். 1962-இல் உலக சாம்பியன் போட்டிக்கான படிக்கட்டுகளில் ஒன்றான ஸ்டாக்ஹோம் இன்டர்சோனலுக்குத் தகுதி பெற்றுப் போனார். அங்கே ஹங்கேரியின் போர்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் ஊல்மனையும் தோற்கடித்தார். இருவரும் அன்றைய உலகின் முன்வரிசை ஆட்டக்காரர்கள். ஆனால் பட்டியலின் முடிவில் 23 பேரில் ஆரோனுக்குக் கடைசி இடம். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். போர்டிஷை வெல்லும் ஆற்றல் ஒருவரிடம் இருந்தது. 22 ஆட்டங்களுக்கு அதைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கம் தனி ஒருவரின் முயற்சியால் வருவதில்லை. வாரத்தில் நான்கு நாள் தன்னைவிட வலுவானவர்களோடு ஆடித் தோற்று, தோற்ற ஆட்டத்தை அவர்களோடே மறுபடி பிரித்துப் பார்ப்பதால் வருவது. அன்றைய மெட்ராஸில் ஆரோனைவிட வலுவான ஆட்டக்காரர் எவரும் இல்லை. அவர் தோற்பதற்கு ஆளில்லாமல் போனதுதான் ஸ்டாக்ஹோமில் அவர் தோற்றதற்குப் பெரிய காரணம் என்பது என் முடிவு.

அந்தக் குறையை அனுபவித்தவரே அதைப் போக்கவும் முன்நின்றார். 1972-இல் மெட்ராஸில் இருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகயில் டால் செஸ் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் மூளையாக இருந்தவர் ஆரோன். தொடங்கிய காலம் கவனிக்கத்தக்கது. 1971 ஆகஸ்டில் இந்திய-சோவியத் நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1972 கோடையில் ரெய்க்யவிக்கில் பாபி ஃபிஷர் போரிஸ் ஸ்பாஸ்கியை வீழ்த்தி, கால் நூற்றாண்டாகச் சோவியத் கையில் இருந்த பட்டத்தைப் பறித்தார். உலகெங்கும் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்குச் சதுரங்கம் வந்தது. நட்பு நாடு ஒன்றில் தன் பண்பாட்டைக் காட்டிக்கொள்ளச் சோவியத் அரசுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. ஆட்டக்காரர்களுக்கு ஓர் அறை தேவைப்பட்டது. இரண்டு தேவைகளும் ஓரிடத்தில் சந்தித்தன. பலகைகள், கடிகாரங்கள், சோவியத் நூல்கள், மாலையில் திறந்திருக்கும் கதவு என்று அன்றைய இந்தியாவில் எளிதில் கிடைக்காதவை ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. பனிப்போர்க்காலப் பிரச்சாரத்தின் ஒரு கிளைதானே இது என்று கேட்கலாம். ஆம், அப்படித்தான். கொடுத்தவரின் நோக்கம் எதுவாக இருந்தாலும், பெற்றவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதே இங்கே பொருட்படுத்த வேண்டியது.

அந்த அறைக்குள் நடந்ததில் ஒரு வழக்கம் இந்த வாதத்துக்கு மையமானது. விரைவு ஆட்டங்களில் வென்றவர் பலகையிலேயே இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையில் கடைசிக்குப் போகவேண்டும். விஸ்வநாதன் ஆனந்த் தன் மின்னல் வேக ஆட்டத்துக்கு வேர் இந்தப் பழக்கம்தான் என்று சொல்லியிருக்கிறார். தாயார் சுசீலாவிடம் ஆறு வயதில் காய் நகர்த்தக் கற்ற சிறுவன், டால் கழகத்தில் தன்னைவிடப் பத்து, இருபது, முப்பது வயது மூத்தவர்களுக்கு எதிரே உட்கார்ந்தான். தோற்றால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் தோல்விக்கு உடனடி விலை இருந்தது. வென்றால் அடுத்து வருபவர் இன்னும் வலுவானவராக இருக்கலாம். கல்லூரி மாணவர், வங்கி ஊழியர், ஓய்வு பெற்றவர், பள்ளிச் சிறுவன் என யாரும் யாரோடும் ஆடலாம் என்ற ஏற்பாட்டில் பாடத்திட்டம் இல்லை. கற்றல் மட்டும் இடைவிடாமல் நடந்தது. ஆனந்த் 1983-இல் ஒன்பது சுற்றுகளிலும் வென்று தேசிய சப்-ஜூனியர் சாம்பியன். 1984-இல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1987-இல் உலக ஜூனியர் சாம்பியன். 1988-இல் கிராண்ட்மாஸ்டர். 1980-களின் தொடக்கத்தில் ஆரோன் தொடங்கிய ‘செஸ் மேட்’ இதழையும் இந்தக் கழகத்தின் நீட்சியாகவே நான் காண்கிறேன். அறைக்கு வரமுடியாதவருக்கு அது ஆட்டக் குறிப்புகளைத் தபாலில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஒரே ஒரு மேதையை வைத்துக்கொண்டு ஒரு கழகத்தின் பயனை நிறுவ முடியுமா? நியாயமான ஐயம். ஆனந்த் எங்கே வளர்ந்திருந்தாலும் ஆனந்தாகவே ஆகியிருப்பார் என்று வாதிடலாம். அதற்கு விடை கல்கத்தாவில் இருக்கிறது. அங்கேயும் சோவியத் பண்பாட்டு மையமான கோர்க்கி சதனில் அலெகைன் செஸ் கழகம் இயங்கியது. இந்தியாவின் இரண்டாவது கிராண்ட்மாஸ்டரான திப்யேந்து பருவா, 1991-இல் பட்டம் பெற்றவர், கல்கத்தாக்காரர். அடுத்த தலைமுறையின் சூர்யசேகர் கங்குலியும் அந்நகரத்தவரே. நாட்டின் முதல் இரண்டு கிராண்ட்மாஸ்டர்களும் இத்தகைய கழகம் இருந்த இரண்டு நகரங்களிலிருந்து வந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம். மூன்றாமவரான பிரவீண் திப்சே பம்பாய்க்காரர். அந்நகரத்தில் ஆட்டக்காரர்கள் கூடும் வழக்கம் சோவியத் உதவி இல்லாமலேயே பழையது. ஆகவே இங்கே முக்கியமானது சோவியத் பணம் அன்று. வலுவானவரும் வலுக்குறைந்தவரும் நாள்தோறும் எதிரெதிரே உட்காரும் நிலையான ஓர் இடமே முக்கியமானது. அந்த இடத்துக்கான வாடகையை அன்று மாஸ்கோ கொடுத்தது.

1991 டிசம்பரில் அந்தப் புரவலர் நாடே இல்லாமல் போயிற்று. அதே ஆண்டு இந்தியப் பொருளாதாரமும் வேறு திசையில் திரும்பியது. தொடர்ந்து வந்த பத்தாண்டுகளில் சதுரங்கம் கழகத்திலிருந்து பயிற்சியகத்துக்கு இடம்பெயர்ந்தது. 2003-இல் கிராண்ட்மாஸ்டரான ஆர்.பி. ரமேஷ், 2008-இல் மனைவி ஆர்த்தியுடன் ‘செஸ் குருகுலம்’ தொடங்கினார். பிரக்ஞானந்தாவும் அக்கா வைஷாலியும் ரமேஷிடம் வளர்ந்தவர்கள். முகப்பேர் வேலம்மாள் பள்ளி ஆட்டக்காரர்களுக்கு விடுப்பும் ஆதரவும் கொடுத்து அதிபன் முதல் குகேஷ் வரை ஒரு வரிசையையே வளர்த்தது. 2020-இல் ஆனந்தின் பெயரில் வெஸ்ட்பிரிட்ஜ் நிறுவனம் தேர்ந்தெடுத்த இளையோருக்கான பயிற்சித் திட்டம் தொடங்கியது. விளைவுகள் நாம் அறிந்தவை. 2022-இல் மாமல்லபுரத்தில் இந்தியாவுக்கு இரண்டு வெண்கலம். 2024-இல் புடாபெஸ்டில் இரண்டு பிரிவிலும் தங்கம். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை 7.5-6.5 என்ற கணக்கில் வென்று, பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியன். இந்தக் கணக்கைப் பார்க்கிறவர், பழைய கழகம் போனதில் என்ன நட்டம், பயிற்சியகம் அதைவிட நன்றாகத்தானே வேலை செய்திருக்கிறது என்று கேட்பார்.

அந்தக் கேள்வியை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. ஒரு பன்னிரண்டு வயதுக்காரரை உலகத் தரத்துக்குக் கொண்டுபோக மாலைநேரக் கழகம் போதாது. தனிப் பயிற்சியாளர், கணினி ஆய்வு, ஐரோப்பியப் போட்டிகள் எல்லாம் வேண்டும். பயிற்சியகம் அதைச் செய்கிறது. ஆனால் கண்டெடுக்கப்பட்ட பிள்ளையையே அதனால் மேலே கொண்டுபோக முடியும். கண்டெடுக்கும் வேலையை அது குடும்பத்திடம் விட்டுவிடுகிறது. குகேஷின் தந்தை காது-மூக்கு-தொண்டை அறுவை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தன் தொழிலையே ஒதுக்கிவைத்தார். பிரக்ஞானந்தாவின் தாயார் நாடு நாடாக மகனோடும் மகளோடும் பயணம் செய்கிறவர். தந்தை கூட்டுறவு வங்கி ஊழியர். இந்தக் குடும்பங்களின் தியாகத்தை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அதன் பொருளை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பொது அறை சுமந்த செலவையும் நேரத்தையும் இன்று ஒரு தாயும் தந்தையும் சுமக்கிறார்கள். சுமக்க முடிந்த வீட்டில் பிறந்த பிள்ளை தப்பித்தது. முடியாத வீட்டுப் பிள்ளை தோற்றுப் போகவில்லை. ஆட்டத்துக்குள் வரவே இல்லை. அப்படி வராமல் போனவர்களைப் பதக்கப் பட்டியல் காட்டாது. ஆனந்தின் திட்டத்தில் நடப்பதையும் கவனிக்கவேண்டும். அங்கே ஐந்து முறை உலக சாம்பியனானவர் பதின்வயதினருக்கு எதிரே உட்கார்ந்து நிலைகளைப் பிரித்துப் பேசுகிறார். டால் கழகத்தின் பழைய வழக்கம் உச்சியில் உயிரோடுதான் இருக்கிறது. அடியில்தான் அது இல்லை.

அடியில் இணையம் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. கட்டணமே இல்லாமல் ஆடும் தளங்கள் உண்டு. ஒரு கைபேசி போதும். மரக்காணத்துப் பையன் மணிலாக்காரரோடு நள்ளிரவில் ஆடலாம். இது மெய்யான, பெரிய மாற்றம். கொரோனா காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் ஆட்டத்துக்கு வந்தது இதனால்தான். ஆனால் இணையத் தளம் எப்படி எதிராளியைத் தேர்ந்தெடுக்கிறது என்று பார்க்கவேண்டும். தரப்புள்ளி ஒத்தவரையே அது எதிரே உட்காரவைக்கும். பத்துக்கு ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி என்று சமநிலையில் வைத்திருப்பதுதான் அதன் கணக்கு. ஆட்டம் அலுக்காமலிருக்க அது நல்ல வழி. டால் கழகத்தின் வரிசை இதற்கு நேர் எதிரானது: உனக்குச் சமமானவர் வருவார் என்று அங்கே எந்த உறுதியும் இல்லை, பெரும்பாலும் உன்னைவிட மேலானவரே உட்கார்ந்திருப்பார். இன்னொன்று, இணையத்தில் தோற்றவன் அடுத்த ஆட்டத்துக்கான பொத்தானை அழுத்துகிறான். கழகத்தில் தோற்றவனிடம் “பதினெட்டாவது நகர்வில் யானையை ஏன் அங்கே வைத்தாய்?” என்று வென்றவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு மாற்றாகக் கணினி ஒரு மதிப்பெண்ணைத் தருகிறது. எது சரி என்று சொல்கிறது, ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்பதில்லை. தவிர, உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் வழக்கமான தரப்புள்ளியும் பட்டங்களும் நேரில் ஆடிப் பெறவேண்டியவை. மரக்காணத்திலிருந்து சென்னைக்குப் பேருந்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஒரு வார இறுதிப் போட்டிக்குக் கூட்டிப்போக ஒரு பெரியவர் இரண்டு நாள் கூலியை இழக்கவேண்டும். நுழைவுக் கட்டணமும் தங்குமிடமும் அதற்கு மேல்.

பள்ளிகள் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010-களின் தொடக்கத்தில் தமிழக அரசு ஏழு முதல் பதினேழு வயது வரையிலான மாணவர்களுக்குப் பள்ளிகளில் சதுரங்கத்தைக் கொண்டுவந்தது. ஒலிம்பியாடை ஒட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வட்ட, மாவட்ட அளவில் போட்டிகள் நடந்தன. ஆட்டத்தின் விதிகள் பரவ இது உதவியது. ஆனால் பள்ளியில் ஒரு பிள்ளை தன் வயதொத்தவரோடுதான் ஆடும். ஆறு மாதத்தில் வகுப்பிலேயே சிறந்தவராகிவிட்டால் அதோடு நிற்கும். மெட்ராஸில் ஆரோனுக்கு நேர்ந்தது ஒவ்வொரு பள்ளியிலும் சிறு அளவில் மறுபடி நேர்கிறது. பள்ளி மூடிய பிறகும் கோடை விடுமுறையிலும் பலகை அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும்.

இத்தனை சொன்னதால் டால் கழகத்தை ஒரு பொற்காலமாக வரைந்துவிடக் கூடாது. அது நகரத்தின் நடுவில், வசதியானவர்கள் வாழும் பகுதியில் இருந்தது. வியாசர்பாடியிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளை மாலையில் அங்கே போய் இரவில் திரும்புவது எளிதன்று. நூல்களுக்கு ஆங்கிலம் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அந்த மாலை நேரமே ஒரு தடை. 2001-இல் பெண்களுக்கான கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை இந்தியாவில் முதலில் பெற்ற சென்னையின் எஸ். விஜயலட்சுமி வீட்டில் தந்தையிடம் ஆட்டம் கற்றவர், தங்கைகளும் அப்படியே. கதவு திறந்திருந்தது என்பதும் எல்லோராலும் அதுவரை நடந்துபோக முடிந்தது என்பதும் ஒன்றல்ல. அப்படியானால் கழகம் என்ற அமைப்பே நடுத்தர வர்க்கத்துக்கு உரியதா? வடசென்னையின் கேரம் மன்றங்கள் ‘அப்படி இல்லை’ என்கின்றன. தெருமுனைக் கொட்டகை, ஒரு பலகை, ஒரு மின்விளக்கு, பவுடர் டப்பா, பெரியவருக்கும் சிறுவனுக்கும் ஒரே வரிசை: டால் கழகத்தின் அதே ஏற்பாடு, அதைவிடக் குறைந்த செலவில். உலக கேரம் பட்டத்தை இரண்டு முறை வென்று அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். கேரத்துக்கு அங்கே பள்ளிப் பாடத்திட்டமோ பெருநிறுவனப் புரவலரோ இருந்ததில்லை. நடந்துபோகும் தூரத்தில் ஒரு மன்றம் இருந்தது. ஏழைப் பிள்ளைகள் உலகப் பட்டம் வெல்ல எது குறைந்தபட்சத் தேவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

மரக்காணத்துக்கு இப்போது திரும்பலாம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுவே என்றும், கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் வரும் சோபத்மா இதுவே என்றும் ஆய்வாளர்கள் கருதும் பழந்துறை இது. பக்கிங்காம் கால்வாயின் தென்முனை இங்கேதான். ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகேறி வடக்கே நகரத்துக்குப் போயின. இன்றும் இங்கே விளைவது வெளியே போகிறது, விலை வெளியே முடிவாகிறது. தை, மாசியில் பாத்தி கட்டத் தொடங்கினால் புரட்டாசி வரை உப்பு வாருவார்கள். வெயில் ஏறுமுன் முடிக்க விடியலுக்கு முன்பே வேலை தொடங்கும். வடகிழக்குப் பருவமழை வந்ததும் அளம் நீரில் மூழ்கும்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லை. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தை அரசு கொண்டுவந்திருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் கேட்கவேண்டியது செஸ் கழகமா, கூலியும் குடிநீரும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் காலுக்கு உறையும் அல்லவா என்று ஒருவர் சினத்தோடு கேட்டால் அந்தச் சினம் நியாயமானது. கூலியும் குடிநீரும்தான் முதலில். ஆனால் ஒரு ஊரின் பிள்ளைகள் உடம்பால் மட்டும் வாழ்கிறவர்கள் என்று எண்ணிக்கொள்வதும் அந்த ஊருக்குச் செய்யும் அநீதிதான். ஆழ்வார்ப்பேட்டைச் சிறுவனுக்கு மூளைக்கு வேலை தரும் அறை தேவை என்றும், உப்பளத்துச் சிறுவனுக்குச் செருப்பு போதும் என்றும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நம் செலவுப் பட்டியல் சொல்கிறது.

இதற்கு நேர்மாறான மிகையும் உண்டு. கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்து மரோட்டிச்சால் கிராமத்தில், குடியும் சூதும் பெருகியிருந்த காலத்தில், தேநீர்க்கடைக்காரர் ஒருவர் தன் கடையில் சதுரங்கம் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். ஊரே ஆட்டக்காரர்களின் ஊராயிற்று. 2023 மே மாதத்தில் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, சதுரங்கம் இருந்திருந்தால் சாராயம் போயிருக்கும் என்று எழுதுவது எளிது. நான் அப்படி எழுதமாட்டேன். அந்த மரணங்களுக்குக் காரணம் மெத்தனால் கலந்த சாராயமும் அதைத் தடுக்காத நிர்வாகமும். மரோட்டிச்சாலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: அங்கே ஆட்டம் பரவியது ஏற்கெனவே மக்கள் வந்து உட்காரும் இடத்தில். புதிதாக ஒரு கட்டடம் கட்டி அதற்குப் பெயர்ப்பலகை மாட்டி ஆளை வரவழைக்கவில்லை.

அப்படி ஓர் இடம் மரக்காணம் பகுதியில் எது? தேநீர்க்கடை ஒரு விடை. ஆனால் இங்கே அது போதாது. தேநீர்க்கடையில் பெண் பிள்ளைகள் உட்கார்ந்து ஆடுவதில்லை. மேலும் 2013 ஏப்ரலில், மாமல்லபுரத்தில் நடந்த ஒரு சாதி மாநாட்டுக்குச் சென்றவர்களுக்கும் ஊராருக்கும் மரக்காணம் அருகே மோதல் மூண்டு, தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன. அந்த நினைவு இருக்கும் நிலப்பகுதியில் மன்றம் எந்தத் தெருவில் இருக்கிறது, கொட்டகை யாருடையது என்பதே யார் வருவார் என்பதைத் தீர்மானித்துவிடும். ஒரு சாதித் தெருவின் மன்றம் அந்தத் தெருவுக்குத்தான் பயன்படும். சமமற்றவர்கள் எதிரெதிரே உட்காரும் இடம் என்ற அடிப்படையே அங்கே அடிபட்டுவிடும். ஆகவே அது அரசுக்குச் சொந்தமான, எவரும் உரிமையோடு நுழையக்கூடிய இடமாக இருக்கவேண்டும். அப்படி ஒன்று சட்டப்படி நம்மிடம் 1948 முதல் இருக்கிறது. இந்தியாவில் இவ்வகையில் முன்னோடியான மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் சொத்து வரியோடு நூலக வரி வசூலிக்க வழிசெய்தது. கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் அந்த வரியில் நடப்பவை. வாடகை கொடுக்க இன்னொரு மாஸ்கோ வேண்டியதில்லை. ஊராரின் வரி ஏற்கெனவே கொடுக்கிறது. ஆறு பலகை, ஆறு கடிகாரம், தமிழில் சில நூல்கள், ஞாயிறுதோறும் திண்டிவனத்திலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ வந்துபோகும் வலுவான ஓர் ஆட்டக்காரருக்குப் பயணப்படி: ஒலிம்பியாடுக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் கணக்கில் வராத தொகை. நூலகம் அமைதிக்கான இடம், அங்கே ஆட்டம் ஆடலாமா என்று நூலகத்துறை தயங்கலாம். பேச்சில்லாமல் ஆடப்படும் ஆட்டத்துக்கு அந்தத் தயக்கம் பொருந்தாது. தோற்ற ஆட்டத்தைப் பிரித்துப் பேசத்தான் ஒரு தாழ்வாரம் தேவைப்படும்.

உண்மையான சிக்கல் நேரத்தில் இருக்கிறது. நூலகத்தின் வேலை நேரம் அலுவலக நாளைப் பார்த்து வகுக்கப்பட்டது. ஊர்ப்புற நூலகங்கள் நாளில் சில மணி நேரமே திறந்திருக்கும். உப்பளத்து நாள் விடியலுக்கு முன் தொடங்கி முற்பகலிலேயே பெரும்பாதி முடிந்துவிடும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவது மாலையில். பெரியவரும் சிறுவரும் ஒரே அறையில் இருக்கவேண்டுமானால் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை கதவு திறந்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் வீடு திரும்பும் வழியில் தெருவிளக்கு எரியவேண்டும். அளம் மூழ்கிக் கிடக்கும் அந்த மூன்று மாதங்களில் நாள் முழுவதும் திறந்தாலும் ஆள் வருவார்கள். சென்னையிலிருந்து பயிற்சியாளரை அனுப்புவதற்கு முன் மாவட்ட நூலக ஆணைக்குழு தீர்க்கவேண்டியது, அக்டோபரில் சாவி யாரிடம் இருக்கும், மாலை நேரத்துக்கான ஊழியருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் எழுதப்படும் என்ற இரண்டு கேள்விகளைத்தான்.